ஆச்சி சொதியும் ஒரு ஷிஃப்ட்-டெலீட்டும்!

செமஸ்டர் எல்லாம் எப்படிப் போச்சு? (சரி, முறைக்காதீங்க. கேட்கலை!)

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. இந்தப் பக்கத்தை மடக்கி வெச்சுட்டு, உங்க வீட்டு போட்டோவும் வீடியோவும் எங்கெங்க கிடக்குனு ஒரு கணக்குப் போடுங்க. அம்மா போன்ல கொஞ்சம். அப்பாவோட பழைய போன்ல கொஞ்சம், அது ஆன் ஆகாது. அக்கா கல்யாண போட்டோ ஒரு பென் டிரைவ்ல, அந்த பென் டிரைவ் எங்கேனு யாருக்கும் தெரியாது. அப்புறம் பீரோவுல பட்டுப் புடவைக்கு அடியில பிளாஸ்டிக் உறை போட்ட ரெண்டு மூணு வி.சி.டி. உறை மேல ரெண்டு பேர், நடுவுல ரோஜாப்பூ, கீழே ஸ்டூடியோவோட லேண்ட்லைன் நம்பர். இருக்குமே? எங்க வீட்லயும் இருந்துச்சு.

இதையெல்லாம் ஒரே இடத்துல சேர்த்து, ஹால் டி.வி.யில ரிமோட்டை அமுக்கினா ஓடுற மாதிரி பண்றதுக்குப் பேர்தான் ஹோம் மீடியா சர்வர். ஹாஸ்டல்ல சீனியர்ஸ் இதை 'நம்ம சொந்த ஓ.டி.டி. மச்சி'ம்பாங்க. கேட்க செம கெத்தா இருக்கும். நானும் அந்தக் கெத்துக்குத்தான் ஆசைப்பட்டேன். போன டிசம்பர் லீவுல பாளையங்கோட்டை வீட்ல ஒண்ணு ரெடி பண்ணேன். அதுக்குப் பத்து நாள் ஆச்சு. அதுக்குள்ள இருந்த எங்க ஆச்சியை அழிக்க மூணு செகண்ட்தான் ஆச்சு. ரெண்டு கதையையும் சொல்றேன்.

குடோனும் கவுன்ட்டரும்

முதல்ல நாஸ்னா என்ன? நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ். பேர்தான் பெருசு. ஹார்ட் டிஸ்க் செருக ரெண்டு ஸ்லாட், பின்னாடி ஒரு லேன் போர்ட், உள்ளே லினக்ஸ் ஓடுற ஒரு குட்டி கம்ப்யூட்டர். மானிட்டர் கிடையாது, கீ-போர்டு கிடையாது. ரூட்டர்ல ஒயரை மாட்டிட்டா வீட்ல இருக்குற எந்த லேப்டாப்ல இருந்தும் போன்ல இருந்தும் அதுல ஃபைலை வைக்கலாம், எடுக்கலாம். மீடியா சர்வர்ங்கிறது அதுக்கு மேல ஓடுற ஒரு சாஃப்ட்வேர்.

எங்க தாத்தா பலசரக்குக் கடை வெச்சிருந்தவர். அவருக்கு நான் இப்படித்தான் விளக்கினேன்: "தாத்தா, நாஸ்ங்கிறது குடோன். மீடியா சர்வர்ங்கிறது கவுன்ட்டர். மூட்டை எல்லாம் குடோன்ல கிடக்கும். கவுன்ட்டர்ல நிக்கிற ஆளு, கேட்டவங்களுக்குக் கேட்ட அளவுல பொட்டலம் கட்டிக் கொடுப்பான்." தாத்தா கொஞ்சம் யோசிச்சுட்டு, "அது சரி. குடோன் சாவி யார்ட்டல இருக்கு?"ன்னார். நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். பெருசுங்க சொல்றதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்!

பெட்டி எனக்கு ஓசி. சித்தப்பா ஆபீஸ்ல புதுசு வாங்கிட்டு, டிஸ்க்கை உருவிக்கிட்டு பழசைக் கழிச்சாங்க. நீங்க வாங்குறதா இருந்தா சினாலஜி, கியூநாப்னு நிறைய இருக்கு. ஆனா டிஸ்க் இல்லாத வெறும் பெட்டி விலையைப் பார்த்தாலே நம்ம பர்ஸ் அழும். அதனால பரண்ல ஒரு பழைய டெஸ்க்டாப் தூங்குதான்னு பாருங்க. அதுல ஓபன்மீடியாவால்ட்ங்கிற இலவச சாஃப்ட்வேரைப் போட்டா அதுவும் நாஸ்தான். ராஸ்பெர்ரி பை 4 வெச்சிருக்கிற ப்ராஜெக்ட் பார்ட்டிகளுக்கும் இது ஓகே. பை 3 மட்டும் வேணாம் பாஸ்! அதுல லேன் போர்ட்டும் யு.எஸ்.பி.யும் ஒரே யு.எஸ்.பி. 2.0 பாதையைப் பங்கு போட்டுக்கும். ஒத்தைச் சந்துல எதிரெதிரே ரெண்டு பஸ் வந்த கதைதான்.

என் காசு போனது டிஸ்க்குக்கு. 4 டி.பி. ரெண்டு. வாங்கும்போது கடைக்காரர்கிட்ட நீங்க கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "இது சி.எம்.ஆரா, எஸ்.எம்.ஆரா?" எஸ்.எம்.ஆர். டிஸ்க்ல டிராக் எல்லாம் ஓட்டுக் கூரை மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்கார்ந்திருக்கும். கம்மி இடத்துல நிறைய அடைக்கலாம். ஆனா நடுவுல ஒரு ஓடு மாத்தணும்னா பக்கத்துல இருக்குற எல்லாத்தையும் பிரிச்சு மேயணும். ரெண்டு டிஸ்க்கையும் எப்பவும் ஒரே மாதிரி வெச்சிருக்க வேண்டிய நாஸுக்கு இது ஆகாது. 2020-ல வெஸ்டர்ன் டிஜிட்டலோட 'ரெட்' டிஸ்க் சிலதுல எஸ்.எம்.ஆர். இருக்குறதை வெளியே சொல்லாம வித்தது தெரிய வந்து பெரிய சண்டையே நடந்துச்சு. அப்புறம்தான் சி.எம்.ஆர். டிஸ்க்கை 'ரெட் பிளஸ்'னு தனியாப் பிரிச்சாங்க.

டிஸ்க்கை மாட்டினா 4-க்குப் பதிலா 3.63-னு காட்டுது. அப்பா எட்டிப் பார்த்துட்டு, "கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திருக்கான்ல"ன்னார். இல்லப்பா! டிஸ்க் கம்பெனிக்கு ஆயிரம் ஆயிரமா எண்ணுற பழக்கம், கம்ப்யூட்டருக்கு 1024, 1024-ஆ எண்ணுற பழக்கம். அந்த வித்தியாசம்தான். இதை அப்பாவுக்குப் புரிய வைக்கிறதுக்கு டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் அரியரையே கிளியர் பண்ணிடலாம்.

அடுத்தது ரெய்டு. போலீஸ் ரெய்டு இல்லை! ரெய்டு 1-ன்னா, ஒரு டிஸ்க்ல எழுதுறது அப்படியே அடுத்த டிஸ்க்லயும் எழுதப்படும். முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு கை கொடுக்கும். 'சூப்பர், பேக்கப் ரெடி'னு நானே என் முதுகுல தட்டிக்கிட்டேன். அதே ஜோர்ல செட்டிங்ஸ்ல 'ரீசைக்கிள் பின்'னு ஒரு டிக் இருந்ததைப் பார்த்தேன். அழிச்ச ஃபைலுக்கு எதுக்குய்யா இடம்? டிக்கை எடுத்துட்டேன். இந்த ரெண்டு வரியையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

தாத்தாவும் வெள்ளைக்காரியும்

ஒயர் விஷயத்தைச் சீக்கிரம் முடிச்சுடுறேன். உங்க ரூட்டர் போர்ட் 100 எம்.பி.பி.எஸ்.ஸா, ஜிகாபிட்டானு பாருங்க. 100-ன்னா நிஜத்துல செகண்டுக்கு 11 எம்.பி. சொச்சம்தான் போகும். 300 ஜி.பி. ஏத்த ஏழரை மணி நேரம் (ஏழரைனாலே ஏழரைதான்). ஜிகாபிட்டுன்னா அதே வேலை முக்கால் மணி நேரத்துல முடிஞ்சுடும். பெட்டியை லேன் ஒயர்லயே மாட்டுங்க. ரூட்டர் செட்டிங்ஸ்ல பெட்டிக்கு ஒரு நிரந்தர ஐ.பி. நம்பர் ஒதுக்கிடுங்க. இல்லேன்னா ஒவ்வொரு தடவை கரன்ட் போயிட்டு வரும்போதும் அது புது வீடு குடி போயிடும், நீங்க தேடிக்கிட்டு அலையணும். கரன்ட்டுனதும் ஞாபகம் வருது, இன்வெர்ட்டர் லைன்ல போடுங்க. எழுதிக்கிட்டு இருக்கும்போது பவர் கட் ஆனா டிஸ்க்குக்கு நல்லதில்லை. கரன்ட் பில்? பெட்டி, ரெண்டு டிஸ்க் எல்லாம் சேர்த்து 20 வாட்னு வெச்சுக்கிட்டா ஒரு நாளைக்கு அரை யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு முப்பது யூனிட். இந்தக் கணக்கை அப்பா கேட்குறதுக்கு முன்னாடியே நீங்க சொல்லிடுறது நல்லது.

சாஃப்ட்வேர்ல ப்ளெக்ஸ்னு ஒண்ணு ரொம்ப ஃபேமஸ். பார்க்க அழகா இருக்கும், செட் பண்றதும் ஈஸி. ஆனா 2025-ல இருந்து வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து நம்ம வீடியோவைப் பார்க்கணும்னா காசு கட்டணும்னு மாத்திட்டாங்க. சினாலஜி 2024-ல தன்னோட வீடியோ ஸ்டேஷனையே புது வெர்ஷன்ல இருந்து தூக்கிட்டாங்க. நம்ம குடோனுக்கு அடுத்தவன் கவுன்ட்டர் போட்டா இப்படித்தான், அவன் நினைச்சா ஷட்டரை இறக்கிடுவான். நான் போட்டது ஜெல்லிஃபின். எம்பினு ஒரு சாஃப்ட்வேர் தன் சோர்ஸ் கோடை மூடினப்போ, 2018 டிசம்பர்ல அதுல இருந்து பிரிஞ்சு வந்த ஓபன் சோர்ஸ் புள்ளை. காசு கிடையாது, அக்கவுன்ட் கிடையாது. பெட்டியில டாக்கர் ஓடினா அதுக்குள்ள போட்டுடலாம். அப்புறம் ப்ரவுசர்ல பெட்டியோட ஐ.பி. நம்பர் அடிச்சு, பக்கத்துல 8096-னு போர்ட் நம்பர் போட்டா கதவு திறக்கும். ஆண்ட்ராய்டு டி.வி.க்கு ப்ளே ஸ்டோர்லயே ஆப் இருக்கு.

இங்கேதான் ஒரு காமெடி. வீடியோ ஃபோல்டரைக் காட்டும்போது 'இது என்ன வகை?'னு ஜெல்லிஃபின் கேட்கும். நான் யோசிக்காம 'மூவீஸ்'னு கொடுத்துட்டேன். சினிமான்னா அது நெட்ல தேடி போஸ்டர், கதைச் சுருக்கம் எல்லாம் தானே இறக்கிக்கும். அப்பா அம்மா கல்யாண வீடியோவுக்கு நான் வெச்ச பேர் இங்கிலீஷ்ல சும்மா 'மேரேஜ்'. அது எந்த நாட்டுப் படத்தையோ பிடிச்சு அந்த போஸ்டரை ஒட்டிடுச்சு. டி.வி.யை ஆன் பண்ணா எங்க அப்பா இடத்துல ஒரு வெளிநாட்டு ஹீரோ, அம்மா இடத்துல கண்ணீரோட ஒரு பொண்ணு. தாத்தா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, "யாருல இந்த வெள்ளைக்காரி? நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு எப்ப வந்தா?"ன்னார். வீட்டு வீடியோவுக்கு 'ஹோம் வீடியோஸ் அண்ட் போட்டோஸ்'னு தனி வகை இருக்கு மக்களே. அதைக் கொடுங்க. மானம் போகாம இருக்கும்.

அந்தக் கல்யாணம் நடந்தது 2001-ல. மூணு வி.சி.டி. இப்போ லேப்டாப்ல டிரைவே வர்றதில்லையே! தெரு முனை ஸ்டூடியோ அண்ணன்கிட்ட யு.எஸ்.பி. டி.வி.டி. டிரைவ் ஒண்ணு கடன் வாங்கினேன். சாதாரணமா காப்பி பண்ணினா பாதியில எரர் அடிக்குது. வி.சி.டி.இமேஜர்னு லினக்ஸ்ல ஒரு டூல் இருக்கு, அது டிராக்கை நேரா உருவித் தரும். முதல் ரெண்டு டிஸ்க் வந்துடுச்சு. மூணாவதை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா மேல் பூச்சு உரிஞ்சு ஜன்னலே தெரியுது. தாலி கட்டினது ரெண்டாவது டிஸ்க்ல இருந்ததால அப்பா தப்பிச்சார். "சாப்பாட்டுப் பந்தி எல்லாம் போயிட்டா?"ன்னு அம்மாவுக்கு மட்டும் வருத்தம்.

வி.சி.டி. படம் 352-க்கு 288 புள்ளிதான். ஃபுல் ஹெச்.டி.யில இருபதுல ஒரு பங்குகூட இல்லை. அது எம்பெக்-1 ஃபார்மட். இன்னிக்கு பெரும்பாலான ப்ரவுசருக்கு அது புரியாது. அதனால ஜெல்லிஃபின் அதை அந்த நிமிஷமே வேற ஃபார்மட்டுக்கு மாத்தி அனுப்பும். இதுக்குப் பேர் டிரான்ஸ்கோடிங். இம்மாத்தூண்டு படம்கிறதால நம்ம பெட்டி அசால்ட்டா பண்ணிடுச்சு. பிரச்னை வந்தது புது வீடியோவுலதான்! என் போன்ல 4கே, ஹெச்.இ.வி.சி.யில எடுத்தது எங்க பழைய டி.வி.க்குப் புரியலை. பெட்டி அதை மாத்தப் போய் மூச்சு வாங்கி, படம் ரெண்டு செகண்ட் ஓடி மூணு செகண்ட் நின்னுச்சு. ஸோ, சின்ன பெட்டி வெச்சிருக்கிறவங்க டிரான்ஸ்கோடிங்கை நம்பாதீங்க. உங்க டி.வி.க்கு நேரடியா புரியுற ஃபார்மட்லயே ஃபைலை வைங்க. ஹெச்.264 எம்.பி.4-னா பெரும்பாலும் எங்கேயும் ஓடும்.

'சினிமா பத்தி ஒண்ணுமே சொல்லலையே'னு சிலர் நெளியறது தெரியுது. டோரன்ட்ல இருந்து இறக்குற ஐடியாவுக்கு இந்தப் பக்கத்துல இடம் இல்லை, ஸாரி. நம்மள்ல பாதிப் பேர் நாளைக்கு அந்த ஃபீல்டுக்கே போகப் போறோம். டெஸ்ட் பண்ண நல்ல வீடியோ வேணும்னா ப்ளெண்டர் ஆளுங்க எடுத்த 'பிக் பக் பன்னி', 'சின்டெல்' எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ்ல இருக்கு, தாராளமா இறக்கலாம். என்.பி.டி.இ.எல். லெக்சரை இறக்கி வெச்சா எக்ஸாம் டைம்ல நெட் போனாலும் கவலை இல்லை. நான் இறக்கினேன். இறக்காம இருந்திருக்கலாம். ஏன்னு இப்போ சொல்றேன்.

மூணு செகண்ட்

2011-ல சித்தப்பா ஒரு ஹேண்டிகேம் வாங்கினார். வாங்கின ஜோர்ல வீட்ல எல்லாத்தையும் எடுத்தார். ஆடு, மாடு, மொட்டை மாடி, எல்லாம். அதுல ஒண்ணு, ஆச்சி எங்க அம்மாவுக்குச் சொதி வைக்கச் சொல்லித் தர்ற வீடியோ. 11 நிமிஷம். திருநெல்வேலிக்காரங்களுக்குச் சொதி பத்திச் சொல்லவே வேணாம். மத்தவங்களுக்கு: தேங்காய்ப்பால்ல காய்கறி, பாசிப்பருப்பு போட்டு, இஞ்சிச் சாறு, எலுமிச்சை எல்லாம் சேர்ற ஒரு குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிறது. ஆச்சி 2017-ல போயிட்டாங்க. அவங்க பேசி நடமாடுற வீடியோ எங்ககிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு.

அது என் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இருந்துச்சு. மத்த பழைய வீடியோவோட சேர்த்து நாஸுக்கு மாத்தினேன். காப்பி இல்லை, கட்! அங்கே ரெண்டு டிஸ்க்ல இருக்கே, மூணாவது எதுக்குனு எக்ஸ்டர்னலை ஃபார்மட் பண்ணி, உபுண்டு போட்டு, ப்ராஜெக்ட் டேட்டாவை ரொப்பிட்டேன்.

ஒரு ராத்திரி, ஃபோல்டரை ஒழுங்கு பண்றேன்னு உட்கார்ந்தேன். எங்க பெட்டியில ஆளாளுக்குத் தனி ஃபோல்டர் உண்டு. உங்க லாகின்ல அது 'ஹோம்'னு தெரியும். நீங்க அட்மினாவும் இருந்தா 'ஹோம்ஸ்'னு இன்னொண்ணு தெரியும், அதுக்குள்ள எல்லார் பேரும் இருக்கும், உங்க பேரும். ரெண்டுலயும் தெரியறது ஒரே ஃபோல்டர்தான். ஒரே வீட்டுக்கு வாசல் வழியாவும் போகலாம், கொல்லைப்புறம் வழியாவும் போகலாம்கிற மாதிரி. எனக்கு அது தெரியாது. 'பழசு'ங்கிற ஃபோல்டர் ரெண்டு இடத்துல இருக்கு, ரெண்டு தடவை காப்பி ஆகியிருக்குனு நினைச்சேன். ஒண்ணை செலக்ட் பண்ணி ஷிஃப்ட்-டெலீட். நெட்வொர்க் ஃபோல்டர்ல ஷிஃப்ட்டே தேவையில்லை, சும்மா டெலீட் அடிச்சாலே விண்டோஸ் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, ஒரேயடியா போயிடும். பெட்டியோட சொந்த ரீசைக்கிள் பின்? அதோட டிக்கை எடுத்த மகான் நான்தானே!

ரெண்டு டிஸ்க் இருந்துச்சே, கண்ணாடி மாதிரி? கண்ணாடிக்கு முன்னாடி நின்னு மீசையை எடுத்தா, கண்ணாடிக்குள்ள இருக்குறவனுக்கும்தான் மீசை போகும். ரெய்டு 1 அதைத்தான் பண்ணுச்சு. ரொம்ப விசுவாசமா.

அப்போ எனக்குத் தெரியவே இல்லை. ஜாலியா அன்னிக்கு ராத்திரியே 200 ஜி.பி. லெக்சரை ஏத்திவிட்டுட்டுத் தூங்கிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு சாயங்காலம், அம்மா கையில கரண்டியோட வந்து, "ஏல, ஆச்சி சொதியைப் போடுல. பாத்துக்கிட்டே வைக்கேன்"ன்னாங்க. ரிமோட்டை எடுத்தேன். தேடினேன். அந்த 'பழசு'ங்கிற பேரையே காணோம். இன்னொரு 'பழசு'க்குப் போனேன். அதுவும் இல்லை. வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு மக்களே, வைவால எக்ஸ்டர்னல் முன்னாடி நின்னப்போகூட அப்படிப் பண்ணினதில்லை. அம்மாகிட்ட, "நெட் ஸ்லோவா இருக்கும்மா, நாளைக்குப் போடுதேன்"னு சொன்னேன். எங்க வீட்டுப் பெட்டிக்கு நெட்டே தேவையில்லைனு அம்மாவுக்குத் தெரியாது.

இந்த நிலைமை உங்களுக்கு வந்தா, முதல் வேலை பெட்டியை ஷட் டவுன் பண்றது. அழிச்ச ஃபைல் உடனே டிஸ்க்ல இருந்து மறையறது இல்லை, 'இந்த இடம் காலி'ங்கிற போர்டு மட்டும்தான் மாட்டப்படுது. புதுசா ஏதாவது வந்து உட்கார்ற வரைக்கும் பழசு அங்கேயே இருக்கும். (எஸ்.எஸ்.டி.யா இருந்தா இந்த நம்பிக்கையும் ரொம்பக் கம்மி.) ஒரு டிஸ்க்கை உருவி, தனி பவர் அடாப்டர் இருக்குற யு.எஸ்.பி. டாக்ல மாட்டி, லினக்ஸ் லேப்டாப்ல ஃபோட்டோரெக் ஓட்டினேன். இது இலவச சாஃப்ட்வேர். ஃபைல் பேரைப் பார்க்காது, டிஸ்க்கை ஓரத்துல இருந்து படிச்சு 'இது வீடியோ மாதிரி இருக்கே'னு பொறுக்கி எடுக்கும். எடுக்கறதை வேற டிஸ்க்லதான் போடணும், அதே டிஸ்க்ல போட்டா தேடுற இடத்துலயே மண்ணைக் கொட்டின மாதிரி ஆயிடும். ராத்திரி பூரா ஓடுச்சு. நான் பக்கத்துலயே பாயைப் போட்டுப் படுத்திருந்தேன்.

காலையில ஆயிரக்கணக்குல ஃபைல், ஒண்ணுக்கும் பேர் இல்லை. ஒவ்வொண்ணா திறந்தேன். ஆடு வந்துச்சு. மாடு வந்துச்சு. மொட்டை மாடி வந்துச்சு. மத்தியானம் மூணு மணிக்கு ஆச்சி வந்தாங்க. தேங்காயைத் துருவிக்கிட்டே, "மூணாம் பால்லதான் காயை வேக வைக்கணும் தாயி"னு சொல்றாங்க. ஆறு நிமிஷம் இருபது செகண்ட். அதுக்கு அப்புறம் படம் கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுபோச்சு. மிச்ச இடத்து மேல சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் லெக்சர் உட்கார்ந்திருக்கு. என் வாழ்க்கையில அந்த சப்ஜெக்ட் பண்ணின கொடுமையிலயே பெரிய கொடுமை அதுதான்.

அம்மாகிட்ட சொல்லிட்டேன். திட்டுவாங்கனு பார்த்தேன். ஒண்ணுமே சொல்லாம அடுப்படிக்குப் போயிட்டாங்க. திட்டியிருக்கலாம்.

அப்புறம் வேட்டை! சித்தப்பாவோட ஹேண்டிகேம் எப்பவோ கைமாறிப் போச்சு. தூத்துக்குடி சித்திக்கு எப்பவோ அம்மா வாட்ஸ்அப்ல அனுப்பின ஞாபகம். அவங்க பழைய போன், பேட்டரி உப்பிக் கிடந்ததை, கடையில கொடுத்து உயிர் கொடுத்தோம். இருந்துச்சு! ஆனா அப்போல்லாம் வாட்ஸ்அப்ல வீடியோ 16 எம்.பி.க்கு மேல போகாது. அதனால கடைசி மூணு நிமிஷத்தை மட்டும் வெட்டி அனுப்பியிருக்காங்க. படம் மங்கல், ஆனா சத்தம் தெளிவு. ஆச்சி கேமராவைப் பார்த்து, "எம்புட்டு நேரம்ல எடுப்ப, சாப்பிட வால"ன்னு சித்தப்பாவை விரட்டுறதோட முடியுது.

நடுவுல ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட் போனது போனதுதான். அதுலதான் இஞ்சிச் சாறு எவ்வளவு, எப்போனு ஆச்சி சொல்லுவாங்க.

சாவி

இப்போ பெட்டி எப்படி இருக்குனு சொல்றேன். பீட்டர் க்ரோக்னு ஒரு போட்டோகிராஃபர் பரப்பின 3-2-1 கணக்கு ஒண்ணு உண்டு. மூணு காப்பி, ரெண்டு விதமான மீடியா, அதுல ஒண்ணு வேற ஊர்லயோ வேற வீட்லயோ. ரெய்டு எத்தனை டிஸ்க் ஓடினாலும் இந்தக் கணக்குல அது ஒரே ஒரு காப்பிதான். நாஸ்ல இருக்குறது முதல் காப்பி. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கை மாட்டி பேக்கப் ஓட்டி, முடிஞ்சதும் கழட்டி பீரோவுல வி.சி.டி. பக்கத்துல வைக்கிறது அம்மா டிபார்ட்மென்ட். பழைய வெர்ஷனையும் வெச்சிருக்கிற மாதிரி பேக்கப் செட் பண்ணியிருக்கேன். இல்லேன்னா இன்னிக்கு நான் அழிச்சது ஞாயித்துக்கிழமை பேக்கப்லயும் அழிஞ்சிரும். மூணாவது காப்பி சித்தப்பா வீட்ல. ரீசைக்கிள் பின் டிக் போட்டாச்சு. மாசத்துக்கு ஒரு தடவை பேக்கப்ல இருந்து ஏதாவது ஒரு ஃபைலை எடுத்து ஓட்டிப் பார்க்கிறேன். ஓட்டிப் பார்க்காத பேக்கப்பை நான் இனி நம்புறதா இல்லை.

ஹாஸ்டல்ல இருந்து பார்க்க ரூட்டர்ல போர்ட்டைத் திறந்து விடலாமானு கேட்பீங்க. வேணாம்! 2022 ஜனவரியில டெட்போல்ட்னு ஒரு ரான்சம்வேர் இன்டர்நெட் பக்கம் திறந்து கிடந்த கியூநாப் பெட்டிகளைப் பூட்டிட்டு பிட்காயின் கேட்டுச்சு. அதுவும் போக, நம்ம ஊர்ல நிறைய நெட் கனெக்ஷன்ல பல வீட்டுக்கு ஒரே பொது ஐ.பி.தான், திறந்தாலும் வேலைக்கு ஆகாது. டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒரு வி.பி.என். போட்டா ரெண்டு பிரச்னையும் முடிஞ்சது. நான் ஹாஸ்டல் மொட்டை மாடியில உட்கார்ந்து அப்படித்தான் பார்க்கிறேன்.

அப்புறம் அந்தக் குடோன் சாவி. ஜெல்லிஃபினுக்குப் படிக்க மட்டும்தான் அனுமதி, அழிக்க முடியாது. என் தினசரி லாகினுக்கும் பழைய வீடியோ ஃபோல்டர்ல அதே கதிதான். அழிக்கிற அதிகாரம் இருக்குற அட்மின் பாஸ்வேர்டை ஒரு பேப்பர்ல எழுதி தாத்தாகிட்ட கொடுத்துட்டேன். அவர் அதை மடிச்சு, கடைக் கணக்கு நோட்டெல்லாம் வெச்சிருக்கிற தகரப் பெட்டியில போட்டுப் பூட்டிக்கிட்டார்.

பொங்கலுக்கு மறுநாள் அம்மா சொதி வெச்சாங்க. நான் போனை ஸ்டாண்டுல மாட்டி, 1080பி, ஹெச்.264-னு செட் பண்ணி எடுத்தேன். டி.வி.யில ஆச்சி ஓடிக்கிட்டு இருந்தாங்க. ஆறு நிமிஷம் இருபது செகண்ட் வரைக்கும் அம்மா கை ஆச்சி கையோடவே போச்சு. படம் நின்ன இடத்துல அம்மாவும் ஒரு நொடி நின்னாங்க. அப்புறம் இஞ்சியை நசுக்கிப் பிழிஞ்சு ஊத்தினாங்க. ஸ்பீக்கர்ல இருந்த சித்தி, "இப்பவே ஊத்தாதக்கா, முதல் பால் விட்டு இறக்கின பெறகுதான் அம்மா ஊத்துவா"னு கத்துறாங்க. "எனக்குத் தெரியும்டீ, நான்தான் பக்கத்துல நின்னேன்"னு அம்மா. நல்லா சண்டை போட்டாங்க. எல்லாம் ரெக்கார்டு ஆச்சு.

தாத்தா இலையில உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வெச்சார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தோம்.

"அவ இம்புட்டு இஞ்சி போட மாட்டா"ன்னார். சொல்லிட்டு ரெண்டாவது தடவையும் கேட்டு ஊத்திக்கிட்டார்.

அதுவும் இப்போ மூணு இடத்துல இருக்கு.